கலந்தபின்னும் இருவர்: ‘கலத்தல்’ என்னும் வினையைப் பற்றி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் ஸம்ப்ரதாயத்தில் ஒருவர் இவ்வுலகை விட்டு நீங்கினால் ‘பரமபதித்தார்’ என்றோ ‘ஆசார்யன் திருவடியை அடைந்தார்’ என்றோ சொல்வது பெரியோர் வழக்கு. அண்மைக்காலமாக நாளிதழ் அறிவிப்புகளிலும் கைப்பேசியில் வரும் செய்திகளிலும், திருமண் காப்புடன் திகழும் ஒருவரின் படத்திற்குக் கீழே ‘இறைவனோடு இரண்டறக் கலந்தார்’ என்ற தொடரைக் காண நேர்கிறது. எழுதியவர் துக்கத்தில் இருப்பவர். ஆயத்தமாகக் கிடைத்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை கூறுவது முறையன்று. ஆயினும் அத்தொடரின் பொருள், பரமபதித்தவர் வாழ்நாளெல்லாம் அநுஸந்தித்த திருவாய்மொழியின் பொருளுக்கு நேர் எதிரானது. வெளிநாடுகளில் வளரும் நம் குழந்தைகளும், ஆழ்வார் பாசுரங்களை மொழிபெயர்ப்பில் படிக்கையில் ‘மெர்ஜ்’ என்ற சொல்லையே பல இடங்களில் காண்கிறார்கள். “அப்படியானால் பாட்டி பெருமாளாகிவிட்டாளா?” என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன விடை சொல்வது? ‘கலத்தல்’ என்ற வினை உண்மையில் எதைக் குறிக்கிறது என்று தெரிந்தாலன்றி விடை சொல்ல இயலாது.

முதலில் உலக வழக்கு. ‘கல’ என்பது பகுதி. பாலில் நீர் கலந்தது, பாலில் நீரைக் கலந்தான் என்று செயப்படுபொருளை ஏற்காமலும் ஏற்றும் வரும். கலவை, கலப்பு, கலவி, கலப்படம் ஆகியவை இதன் வழிவந்த பெயர்கள். இவற்றுள் கலப்படம் என்ற சொல்லைச் சற்றே கவனிக்கவேண்டும். நீர் கலந்த பாலில் பால்மானியை இட்டால் அது நீரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நீரானது பாலாகவே ஆகியிருந்தால் பால்மானிக்கு வேலை இல்லை. கலப்படம் என்றொரு குற்றமும் இல்லை. கண்ணுக்குப் பிரித்துக் காண அரிதாகிவிட்டது என்பதற்கு மேல் ‘கலந்தது’ என்ற சொல் எதையும் சொல்லவில்லை.

மனிதர்களிடத்தில் இச்சொல் வரும்போது இன்னும் தெளிவு. நால்வர் கலந்து பேசினார்கள் என்கிறோம். விழாவில் கலந்துகொண்டார் என்கிறோம். கலந்தவுடன் நால்வரும் ஒருவராகிவிட்டால் பேசுபவர் யார், கேட்பவர் யார்? இருமை நீங்கிய ஒற்றுமையைச் சொல்ல விரும்புகிறவர்கள் ‘இரண்டற’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொள்வதும் இதனால்தான். கலத்தல் என்ற வினைக்கே அப்பொருள் இருக்குமாயின் அடைமொழி வீண். அந்தச் சொல்லைச் சேர்க்கவேண்டியிருப்பதே, தனித்த வினை இரண்டை விடாது பற்றி நிற்கிறது என்பதற்குச் சான்று.

பழந்தமிழிலும் இதுவே. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை உவமையாக்கி இரு நெஞ்சங்களின் கலப்பைக் கூறுவது. அவ்வுவமையாலேயே அதைப் பாடியவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர். அங்கே வினைமுற்று ‘கலந்தன’ என்று பன்மையில் நிற்கிறது. நீர் நிலத்தின் நிறத்தைப் பெற்றது, நிலத்தின் தன்மையை ஏற்றது. ஆனாலும் நீர் நிலமாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. அகத்துறை வழக்கைப் பகவத் விஷயத்துக்கு உரியதாக்கிய நம்மாழ்வார் இச்சொல்லை எடுத்தபோது, அதன் இந்த இயல்பையும் சேர்த்தே எடுத்தார் என்பது அடியேனுடைய எண்ணம்.

இனி ஆழ்வாரிடம் வருவோம். திருவாய்மொழியில் ஸம்ச்லேஷத்தைப் பேசும் பதிகம் என்றால் இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியான ‘ஊனில் வாழ்’ நினைவுக்கு வரும். அதன் முதற்பாட்டிலுள்ள ‘கலந்தொழிந்தோம்’ என்ற ஒரு சொல்லில் மூன்று செய்திகள் உள்ளன.

முதலாவது, அது தன்மைப் பன்மை. தானும் யானும் என்று எம்பெருமானையும் தம்மையும் எழுவாயாகத் தனித்தனியே எண்ணி, ‘ஓம்’ என்ற விகுதியால் ஆழ்வார் முடிக்கிறார். கலந்து ஒன்றானார்கள் என்றால் பன்மைக்கு இடம் ஏது? அதுவும் அன்றி, அப்பாட்டே ஒரு விளியோடு தொடங்குவது. அங்கே ‘உயிர்’ என்றது மனத்தை என்று வ்யாக்யாதாக்கள் பொருள் அருளுவர். எம்பெருமானைப் பெறுவதற்குத் துணைநின்ற தம் மனத்தை ஆழ்வார் தட்டிக்கொடுத்துக் கொண்டாடுகிறார். கொண்டாடும் ஆழ்வார், கொண்டாடப்படும் மனம், கலந்த எம்பெருமான் ஆகிய எல்லோரும் அந்தக் கலவியின் நடுவிலும் அங்கே இருக்கிறார்கள்.

வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்த அடியேனுக்கு இவ்விடத்தில் தொழில் சார்ந்த ஓர் உவமை தோன்றுகிறது. 2020 ஏப்ரல் 1ஆம் நாள் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. அன்றோடு அலகாபாத் வங்கி என்ற பெயரில் ஒரு நிறுவனம் இல்லை. அதன் சொத்தும் கடனும் மற்றொன்றின் ஏட்டில் ஏறின. ‘நாங்கள் இணைந்தோம்’ என்று சொல்வதற்கு அதன் பெயரால் பேச மறுநாள் எவரும் இல்லை. வணிகவியலில் இணைப்பு என்பது இது. ஆழ்வார் கூறும் கலவியிலோ, கலந்த மறுகணத்தில் கலந்தவரே வாய்திறந்து ‘கலந்தோம்’ என்கிறார்.

இரண்டாவது செய்தி, ‘ஒழிந்தோம்’ என்ற பின்பகுதி. ஒழிதல் என்றால் இல்லாமற்போதல் என்று இக்காலத்தில் பொருள் கொள்வதால், ‘கலந்து இல்லாமற்போனோம்’ என்று சிலர் உரைக்கக் கேட்டிருக்கிறோம். அப்பொருள் ஒவ்வாது. எழுவாயில் எம்பெருமானும் அடங்கியிருக்கிறான்; இல்லாமற்போவது என்றால் அவனும் அன்றோ இல்லாமற்போகவேண்டும்! ‘ஜீவனாயிருக்கும் தன்மையும் ஈச்வரனாயிருக்கும் தன்மையும் இரண்டுமே ஒழியும், குணமற்ற ஒன்றே எஞ்சும்’ என்று கூறுவார்க்கு அது இனிக்கலாம். அவர்களுக்கு இப்பதிகத்தின் இரண்டாம் பாட்டே விடை. கலந்தொழிந்தோம் என்ற வாய் மூடுமுன், ஒப்பாரும் மிக்காரும் இல்லாத பெருமான் என்று அவனை அழைத்து, தாயும் தந்தையுமாய் அறியாதவற்றை அறிவித்த அவன் செய்த உபகாரங்களை அளவிட்டு அறியமாட்டாத ‘அடியேன்’ என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். ஒப்பில்லாதவன் ஒருபுறம், அடியேன் ஒருபுறம்.

அப்படியாயின் ‘ஒழி’ இங்கு என்ன? செயல் முற்றும் நிறைவேறியதைக் காட்டும் துணைவினை. இன்று நாம் ‘விட்டோம்’ என்று சொல்கிற இடம். கலந்தொழிந்தோம் என்பதற்குக் குறைவறக் கலந்துவிட்டோம் என்று பொருள். இதற்குச் சான்றை வெளியே தேடவேண்டியதில்லை. அதே பதிகத்தின் நான்காம் பாட்டில் ஆழ்வார் ‘தந்தொழிந்தேன்’ என்கிறார். தந்து இல்லாமற்போனேன் என்பதன்று அதன் பொருள். மீட்க வழியின்றி முற்றக் கொடுத்துவிட்டேன் என்பதே.

அந்த நான்காம் பாட்டைத் தாண்டிச் செல்ல மனம் வரவில்லை. எம்பெருமான் தம் ஆத்மாவோடு வந்து கலந்த பேருதவிக்குக் கைம்மாறாகத் தம் ஆத்மாவையே கொடுத்துவிட்டதாக ஆழ்வார் முதலில் பேசுகிறார். பேசி முடிக்குமுன் ஒரு தெளிவு பிறக்கிறது: கொடுக்க இந்த ஆத்மா யாருடையது? கொடுக்க யான் யார்? முன்பு தந்தவனும் அவனே, இப்போது கொண்டவனும் அவனே. வைப்புத்தொகையைப் பாதுகாத்து வைத்திருந்தவன் உடைமைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘நான் நன்கொடை அளித்தேன்’ என்று ரசீது கேட்பது போன்றது தம் செயல் என்று நாணுகிறார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கலவி என்றால் ஒன்றாகிவிடுதல் என்று கொள்பவர்க்கு இந்த நாணம் விளங்காது. உடையவனும் உடைமையும் என்ற உறவு கலவியால் அழியவில்லை. கலவியில்தான் அது ஐயமற வெளிப்பட்டது. நெருங்க நெருங்க ‘யான் அவனே’ என்று தோன்றாமல், ‘யான் அவனுக்கே உரியேன்’ என்று தோன்றிற்று. ஸ்வரூப ஜ்ஞானம் என்று நம் ஆசார்யர்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது செய்தி உவமையில் இருக்கிறது. முதற்பாட்டின் முடிவில் தேன், பால், நெய், கருப்பஞ்சாறு, அமுதம் ஆகிய ஐந்தையும் அடுக்கி, அவை போலக் கலந்ததாக ஆழ்வார் கூறுகிறார். இதை இரு வகையாகக் கொள்ளலாம். தேனோடு தேனும் பாலோடு பாலும் கலந்தாற்போல இனம் இனத்தோடு சேர்ந்தது என்பது ஒரு வகை. எல்லாச் சுவைகளும் ஓரிடத்தில் கூடினாற்போன்ற இன்பம் என்பது மற்றொரு வகை. எவ்வகையில் கொண்டாலும், அவர் தேர்ந்த பொருள்கள் யாவை என்று பாருங்கள். கடலில் மறையும் ஆறும் நீரில் கரையும் உப்பும் அவர் நினைவுக்கு வரவில்லை. ஐந்தும் நாவுக்கு இனியவை. உவமையின் நோக்கு போக்யதை. வஸ்து ஐக்யம் அன்று. சுவைக்கு ஒரு நா வேண்டும். நாவும் தேனாகிவிட்டால் தித்திப்பை அறிவார் இல்லை.

இனம் இனத்தோடு சேர்தல் என்ற முதல் வகைக்கு உபநிஷத்தும் துணை நிற்கிறது. தூய நீரில் தூய நீரை வார்த்த உவமை கடோபநிஷத்தில் வருகிறது. அங்கே வார்த்த நீர் ‘தாத்ருக்’ ஆகிறது, அதாவது அதைப்போன்றது ஆகிறது, என்றே ச்ருதி கூறிற்று. ‘அதுவே’ ஆகிறது என்று கூறவில்லை. முண்டகோபநிஷத்தும் முக்தன் அடைவதை ‘ஸாம்யம்’ என்றே வழங்குகிறது. ஒப்புமை என்றால் ஒப்பிட இரண்டு வேண்டும். அந்த ஒப்புமையும் ஆனந்த அநுபவத்தில் மட்டுமே; உலகைப் படைத்துக் காக்கும் தொழில் எம்பெருமானுக்கே உரியது என்பதை ப்ரஹ்மஸூத்ரத்தின் கடைசிப் பகுதியான ஜகத்வ்யாபாரவர்ஜாதிகரணம் நிலைநாட்டுகிறது. ஸாயுஜ்யம் என்ற சொல்லும் சேர்த்துப் பூட்டுதல் என்று பொருள்படும் தாதுவிலிருந்து வந்ததே. ஒரு நுகத்தில் பூட்டவேண்டுமானால் இரண்டு இருந்தாகவேண்டும்.

‘ஆழ்வாரே தம்மை அவனாகவும் அவனைத் தாமாகவும் பேசும் இடங்கள் உண்டே’ என்று கேட்கலாம். உண்டு. எட்டாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியான ‘கண்கள் சிவந்து’ பதிகத்தின் நான்காம் பாட்டில், யானும் தானே ஆய் நின்றவன் என்று எம்பெருமானைச் சொல்கிறார். அதே பாட்டில் தேனும் பாலும் கன்னலும் அமுதும் மீண்டும் வருகின்றன. உடலுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள உறவுதான் இங்கே திறவுகோல். ‘நான் இளைத்துவிட்டேன்’ என்று உடலைப் பற்றி ஒருவன் சொன்னால் உடலும் அவனும் ஒரே பொருள் என்று ஆகாது. உடல் அவனை விட்டுத் தனியே நில்லாது என்பதே ஆகும். அவ்வாறே ஆத்மாவுக்கு ஆத்மாவாய் அவன் நிற்பதால் ‘யான்’ என்ற சொல் அவன்வரை சென்று முடிகிறது. அப்பாட்டின் ஈற்றுச் சொல் ‘உணர்ந்தேனே’ என்பதையும் மறக்கலாகாது. அங்கே உணர்ந்தவர் ஒருவர் இருக்கிறார்.

ஐயம் இன்னும் எஞ்சுமாயின் அப்பதிகத்தின் ஒன்பதாம் பாட்டு அதைத் தீர்க்கும். அங்கே ஆழ்வார் எடுப்பது ‘கூடுதல்’ என்ற வினையை. தமிழில் கூடுதல் என்பதற்குச் சேர்தல் என்றும் பொருள், இயலுதல் என்றும் பொருள். ‘அது கூடாது’ என்றால் நடவாது என்று அர்த்தம். இவ்விரு பொருளையும் ஒருங்கே வைத்து, கூடாதது கூடுமாயின் நல்லது என்று ஏறக்குறைய நகைத்தவாறே ஆழ்வார் ஐக்யவாதத்தைக் கையாளுகிறார். ஜீவன் பரமாத்மாவாகவே ஆவது நடக்கக்கூடியதன்று. ஆனால் அப்படி எண்ணித் திரியும் யோகிகள் உலகில் எக்காலமும் இருக்கவே செய்கிறார்கள் என்பது திரண்ட பொருள். ஒரு த்ரவ்யம் வேறொரு த்ரவ்யமாக ஆகாது என்று ஸ்ரீவிஷ்ணுபுராணம் இரண்டாம் அம்சத்தில் கூறுவதும் இதுவே. நெகிழ்ந்து உருகும் பாசுரங்களுக்கு நடுவே இவ்வளவு கறாரான தர்க்கத்தை வைத்த ஆழ்வாரை எண்ணி வியவாமல் இருக்க முடியவில்லை.

மீண்டும் ‘ஊனில் வாழ்’ பதிகத்துக்குத் திரும்புவோம். அதன் பத்தாம் பாட்டு வியப்பானது. எம்பெருமானோடு குறைவறக் கலந்துவிட்டதாகத் தொடங்கியவர், பத்தாம் பாட்டில் ‘உடன் கூடுவது என்று’ என ஏங்குகிறார். யாரோடு கூட? அவனுடைய அடியார்கள் குழாங்களோடு. பெறவேண்டியதைப் பெற்றவர்க்கு இந்தக் குறை ஏன்? இனியதைத் தனியே உண்ணலாகாது என்பது உலகம் அறிந்த முறை. அளவற்ற இனிமையில் ஆழ்ந்தவர், ‘இதைப் பகிர்ந்து பேச ஒருவர் வேண்டுமே’ என்று நித்யஸூரிகளின் கோஷ்டியைத் தேடுகிறார். பதினோராம் பாட்டிலும், கற்பவர்கள் தனித்திருந்து சிந்திக்கவேண்டும் என்று சொல்லாமல், குழாம் குழாமாய்க் கூடி ஆடவே அழைக்கிறார். ஆழ்வாருடைய கலவி இருவரை ஒருவராக்கவில்லை. இருவரைப் பலரிடம் கொண்டுசெல்கிறது.

அந்தக் குழாத்தை அப்போதே சேரப்பெறாமையால் வந்த துயரமே அடுத்த பதிகமான ‘ஆடியாடி’. அங்கே ஆழ்வார் பேச்சு மாறித் தாய்ப்பேச்சாகிறது. மகள் ஆடியும் பாடியும் கண்ணீர் மல்கியும் வாடும் நிலையைத் தாய் சொல்லிக் கதறுகிறாள். ஸம்ச்லேஷத்தை அடுத்து விச்லேஷம். இரண்டற்ற ஒன்றுக்குப் பிரிவு என்பது ஏது? திருவாய்மொழி நெடுகிலும் கலவியும் பிரிவும் மாறி மாறி வருவதே, கலந்தபின்னும் இருவர் இருவராகவே இருக்கிறார்கள் என்பதற்கு நெடிய சான்று. பிரிவை அஞ்சுவதும் ஒருபுறம் மட்டுமன்று. ‘வைகுந்தா மணிவண்ணனே’ பதிகத்தில், ஆழ்வார் தம்மை விட்டு அகன்றுவிடுவாரோ என்று எம்பெருமானே ஐயுற, இனி விடேன் என்று ஆழ்வார் அவனைத் தேற்றுகிறார்.

திருக்காட்கரைப் பதிகத்தில் (ஒன்பதாம் பத்து, ஆறாம் திருவாய்மொழி) கலத்தலையும் கடந்து விழுங்குதல் வரை பேச்சு செல்கிறது. அவனைக் கண்டால் வாரி விழுங்கிவிடுவது என்று ஆழ்வார் காத்திருக்க, அவரை முந்திக்கொண்டு அவன் அவரை முற்றப் பருகிவிட்டானாம். பருகப்பட்டவரே இருந்து இதைப் பாடுகிறார் என்பதில்தான் அப்பாட்டின் சுவை முழுவதும் இருக்கிறது.

ஆண்டாள் அரங்கனோடு கலந்தாள் என்றும் திருப்பாணாழ்வார் பெரியபெருமாள் திருமேனியில் கலந்தார் என்றும் நாம் வழங்குவதையும் இவ்வாறே கொள்ளவேண்டும். திருவரங்கத்தில் கலந்த அந்தக் கோதை நாச்சியார்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரங்கமன்னாருக்கு அருகே, பெரியதிருவடியும் உடன் நிற்க, ஒரே ஸந்நிதியில் நின்று நமக்கு ஸேவை ஸாதிக்கிறாள். கலந்தவள் காணாமற்போகவில்லை. திருப்பாவையின் 27ஆம் பாட்டிலும் அவள் வேண்டியது ‘கூடியிருந்து’ குளிர்வதையே. பாலும் நெய்யும் கலந்த சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள், உண்பதோடு நிறுத்தாமல், எல்லோரும் உடனிருப்பதில் பாட்டை முடித்தாள். ஒவ்வொரு மார்கழியிலும் கூடாரவல்லியன்று அக்காரவடிசிலைக் கையில் வாங்கும்போது இது நினைவில் இருத்தற்குரியது.

திருவரங்கத்தில் அத்யயன உத்ஸவத்தின் முடிவில் நடக்கும் நம்மாழ்வார் மோக்ஷத்தை ஸேவித்தவர்களுக்கு இவ்வளவு விளக்கமும் மிகை. ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணி நம்பெருமாள் திருவடிகளிலே சேர்க்கிறார்கள். திருத்துழாயால் ஆழ்வாரை மூடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது திருத்துழாய்க் குவியல் மட்டுமே. பின்பு, உலகம் உய்வதற்காக ஆழ்வாரை மீண்டும் தந்தருள வேண்டும் என்று விண்ணப்பம் செய்ய, துழாயை விலக்கி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணுகிறார்கள். திருவடியில் மறைந்தவர் மறைந்த இடத்தில் அப்படியே இருந்தார்.

மொழிபெயர்ப்போர்க்கும் குழந்தைகளுக்குக் கற்பிப்போர்க்கும் அடியேனுடைய விண்ணப்பம் ஒன்று. கலத்தல், கூடுதல் ஆகியவை வருமிடத்தில் ‘மெர்ஜ்’ என்று எழுதாமல், பிரிவின்றிச் சேர்ந்திருத்தலைக் குறிக்கும் சொல்லை இடுவது தகும். திருவேங்கடமுடையான் விஷயமான மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ‘உடனாய் மன்னி’ என்று ஆழ்வாரே இதற்கு உரை செய்து வைத்திருக்கிறார். எக்காலமும் உடனிருந்து, நிலைத்து நின்று, குறைவற்ற அடிமை செய்யவேண்டும் என்பது அங்கே ப்ரார்த்தனை. அடிமை செய்ய ஓர் ஆள் வேண்டும்.

நம் அகங்களில் ஒருவர் பரமபதித்தால் ‘சூழ்விசும்பு’ பதிகத்தை ஸேவிப்பது வழக்கம். கடல் அலையாகிய கையெடுத்து ஆடுகிறது, மேகம் முழங்குகிறது, வழிநெடுக உள்ள உலகத்தார் தோரணம் நாட்டித் தொழுகிறார்கள், வைகுந்தத்தின் வாசலில் அமரர்கள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள், நிறைகுடமும் விளக்கும் ஏந்திய மகளிர் வரவேற்கிறார்கள். இத்தனை வரவேற்பும் வந்து சேரும் ஒருவருக்கு. அப்பதிகத்தின் பதினோராம் பாட்டு, அந்தமில்லாத பேரின்பத்தில் அவர் ‘அடியரோடு இருந்தமை’யைச் சொல்கிறது.

அடியேன் ராமாநுஜதாஸன்